அப்பாயி கழற்றச் சொன்ன மாலை

போன தைப்பொங்கலுக்கு மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது நடந்தது இது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் என் சித்தப்பா மகனும் வந்திருந்தான். கழுத்தில் புதுசாக ஒரு கறுப்பு மணிமாலை. வாசலில் பானை பொங்கி, சாமி கும்பிட்டு முடிந்ததும் அப்பாயி காலில் விழுந்து எழுந்தான். அப்பாயிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. யார் வந்தாலும் முகத்தையும் தோளையும் தடவித்தான் பார்ப்பார். விரல் மாலையில் பட்டதும் நின்றது.

"கழுத்துல என்னய்யா, துளசி மாலையா?"

"இல்ல அப்பாயி, கருங்காலி மாலை. இந்தியாவுல இருந்து கூட்டாளி ஒருத்தன் கொண்டாந்து குடுத்தான். இப்ப எல்லாரும் போடுறாங்க. கண்ணூறு, தோஷம் ஒண்ணும் அண்டாதாம்."

அப்பாயி சூடுபட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார். "கழட்டு" என்றார். "நல்ல நாளும் அதுவுமா கருங்காலியக் கழுத்துல போட்டுக்கிட்டா வாசப்படி ஏறுன? கழட்டுய்யா மொதல்ல."

தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். மாலையைக் கழற்றிச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டப் போனான். அங்கேயும் வேண்டாம் என்றார். கடைசியில் அது அடுப்படிச் சுவரில் சுளகு மாட்டும் ஆணிக்குப் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் இன்று சினிமா நடிகர்கள் முதல் ஆட்டோ ஓட்டுபவர்கள் வரை விரும்பி அணிகிற மாலை. பெயரைக் கேட்டதும் கும்பிடுகிறவர்கள் அங்கே. இங்கே எண்பது வயது தாண்டிய ஒரு கொழுந்துக்காரிக்கு அந்தப் பெயரே உடம்பைக் கூசவைக்கிறது. கொழும்புக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. கிடைத்ததையெல்லாம் புரட்டினேன், பெரியவர்கள் பலரிடம் பேசினேன். அதை எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரத்திலிருந்தே தொடங்குகிறேன். இலங்கையில் கருங்காலி என்றால் சிங்களத்தில் களுவர என்று சொல்கிற மரம். தாவரவியலில் டையோஸ்பைரோஸ் எபெனம். வெட்டிப் பார்த்தால் வெளிப்பக்கம் வெளிறிய மரம், நடுவில் மையைக் கொட்டியது போல வைரம். அந்தக் கறுப்பு ஏறுவதற்கு மரம் பல காலம் நின்றிருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். ஒல்லாந்தர் காலத்து நாற்காலிகளும் கட்டில்களும் இந்த மரத்தில் செய்தவை இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம்மவர்கள் இதில் உலக்கை செய்தார்கள். தமிழ்நாட்டிலோ கருங்காலி என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களுக்கு உண்டு. காசுக்கட்டி எடுக்கிற மரத்தையும் அப்படிச் சொல்வார்கள். தம்பி கழுத்தில் கிடந்தது எந்த மரம் என்று எனக்குத் தெரியாது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது ஒன்று உண்டு. கருங்காலி வறண்ட நிலத்து மரம். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ அது காடாக வளர்வதில்லை. எங்கள் தோட்டத்தில் தேயிலைக்கு நடுவே நிற்பவை சவுக்கும் முள்முருங்கையும்தான். அப்பாயி தன் வாழ்நாளில் ஒரு கருங்காலி மரத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு முந்திய தலைமுறைகள் அந்த மரத்தைக் கடந்துதான் வந்திருப்பார்கள். 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பிச் செடி நட ஆரம்பித்த காலம் தொட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, அனுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த கூட்டம் நடந்தது வறண்ட நிலத்துக் காட்டுக்குள்தான். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல். அதற்கு முன்பு வந்தவர்கள் பசியிலும் காய்ச்சலிலும் விழுந்து கிடந்த பாதை அது. மரத்தை அங்கேயே விட்டுவிட்டு மலை ஏறினார்கள். பல காலம் கழித்து, மரமே இல்லாத இடத்துக்கு அதன் பெயர் மட்டும் துரோகியைக் குறிக்கும் வசைச்சொல்லாக வந்து சேர்ந்தது.

எப்படி வந்தது? நீங்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது கோடரிக் கதைதான். கோடரிக்குக் காம்பாகப் போவது உறுதியான கருங்காலி. அந்தக் காம்பு இல்லாவிட்டால் வெறும் இரும்பால் ஒரு மரத்தையும் சாய்க்க முடியாது. தன் இனத்தையே அழிக்கத் துணைபோவதால் துரோகிக்கு அந்தப் பெயர். குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு என்று நாம் வைவதும் இதோடு ஒட்டிக்கொள்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் ஒரு நெருடல். கோடரிக்காம்பு என்ற வசையில் எந்த மரம் என்ற பேச்சே இல்லை. எந்த மரத்தில் காம்பு போட்டாலும் குலத்துரோகம் குலத்துரோகம்தானே. பிறகு ஏன் இந்த ஒரு மரத்தின் மேல் மட்டும் பழி? அதோடு, கருங்காலி என்று யாரை அதிகமாகச் சொன்னார்கள் என்று பாருங்கள். வீட்டைக் காட்டிக்கொடுத்தவனையோ நாட்டைக் காட்டிக்கொடுத்தவனையோ அல்ல. வேலைநிறுத்தத்தில் வேலைக்குப் போனவனை.

விடை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் வேலைநிறுத்தத்தை உடைப்பவனுக்கு பிளாக்லெக் என்று பெயர். கறுப்புக் கால். 18ஆம் நூற்றாண்டில் குதிரைப்பந்தயத்திலும் சூதாட்டத்திலும் ஏமாற்றிப் பிழைத்தவர்களை அப்படி அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் தொழிற்சங்கக்காரர்கள் அதைத் தங்களுக்குள் எடுத்துக்கொண்டார்கள். அதைத் தமிழில் சொல்ல வேண்டி வந்தபோது கருங்கால் என்பதோடு ஒரு இகரம் சேர்த்தால் போதும்: கருங்காலி, கறுப்புக் காலை உடையவன். அந்த உருவத்தில் ஒரு மரத்தின் பெயர் ஏற்கனவே தயாராக இருந்தது. சங்கப் பாடல்களில் வேங்கை மரத்துக்கே கருங்கால் என்ற அடை உண்டு, அடிமரம் கறுத்திருப்பதால். மரத்துக்குக் கால் என்பது நம் மொழிக்கு அத்தனை பழக்கம். வெளியிலிருந்து வந்த சொல் இப்படி வீட்டுச் சொல்லாகவே உட்கார்ந்துவிட்டது. கோடரிக் கதை பிறகு சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மலையாளத்திலும் வேலைநிறுத்தத்தை உடைப்பவன் கரிங்காலிதான். அதே கேரளத்தில் கரிங்காலி போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைத் தாகத்துக்குக் குடிக்கிறார்கள். குடிக்கிற தண்ணீருக்கும் துரோகிக்கும் ஒரே பெயர். மரத்தின் மேல் உள்ள கோபத்தில் பிறந்த வசை என்றால் இது நடக்குமா?

கெட்டவனுக்குத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம். கயவன் பழைய சொல். திருக்குறளில் பொருட்பாலின் கடைசி அதிகாரம், 108ஆவது, கயமைதான். கயவர் பார்வைக்கு அப்படியே மனிதரைப் போல இருக்கிறார்களே என்றுதான் வள்ளுவர் அதைத் தொடங்குகிறார். துரோகி வடமொழி. ஆள் பெயரே வசையானதும் உண்டு. 1799இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு தமிழ்நாட்டில் காட்டிக்கொடுப்பவன் எட்டப்பன் ஆனான். வன்னியில் பண்டாரவன்னியன் கதையோடு அவனைக் காட்டிக்கொடுத்த காக்கை வன்னியன் பெயர் நிற்கிறது. யுத்த காலத்தில் முகத்தை மூடிக்கொண்டு படையினரின் வாகனத்தில் உட்கார்ந்து ஆளைப் பார்த்துத் தலையசைத்தவனுக்குத் தலையாட்டி என்று பெயர் வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எட்டப்பனும் காக்கை வன்னியனும் ராஜாக்களின் கதையிலிருந்து வந்தவர்கள். கோட்டை இருந்தது, அதைக் காட்டிக்கொடுத்தவன் இருந்தான். மலையகத்தில் எங்களுக்குக் கோட்டையும் இல்லை, ராஜாவும் இல்லை. இருந்தது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், கொழுந்து எடுக்கும் மலை, தேயிலை அரைக்கும் இஸ்டோர், குடியிருக்கும் லயம். இழக்க இருந்ததெல்லாம் அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், ஒன்றுதான். அதனால்தான் எங்கள் துரோகிக்கு வரலாற்றிலிருந்து பெயர் கிடைக்கவில்லை, வேலையிலிருந்து கிடைத்தது.

சங்கம் வருவதற்கு முன்பு எங்கள் ஆட்கள் யாரைக் கெட்டவன் என்றார்கள் என்பதற்கு நாட்டார் பாடல்களே சாட்சி. சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படியுங்கள். வசை கங்காணி மேலும் கணக்கப்பிள்ளை மேலும் விழும். அது நியாயமான கோபம். பெரிய கங்காணிக்கு ஆள் கணக்குப்படி தலைக்காசு கிடைத்தது. எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனைக்கு அவர் வருமானம். காய்ச்சலோடு படுத்திருப்பவனை அவர் ஏன் எழுப்பினார் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். வாங்கிய கடனைத் துண்டில் எழுதி, அந்தத் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாதபடி கட்டிவைத்திருந்தார்கள். 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. ஆக, அந்தக் காலத்து வசையெல்லாம் கீழிருந்து மேலே பார்த்துப் போன வசை.

பிறகு சங்கம் வந்தது. 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனம் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டெழுதி, பாடி ஆட்களைத் திரட்டினார். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வந்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் பொலிஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துப்போனார். சங்கத்துக்காக மலையகத்தில் உயிர் கொடுத்தவர் என்று இன்றும் முதலில் சொல்லப்படுவது அவர் பெயர்தான். ஒரு ஆள் செத்த பிறகு வேலைநிறுத்தம் என்பது சும்மா லீவு இல்லை. அதை மதிக்காதவனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தத் தேவையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏறக்குறைய ஏழு நாளில் திரும்ப அதே மலைக்கு வந்துவிட வேண்டும். விட்டால் கொழுந்து முற்றிவிடும், இஸ்டோரில் அதை அரைத்துப் பிரயோசனம் இல்லை. வேலைநிறுத்தத்தின் பலமே இதுதான். அந்த ஏழாம் நாளுக்குத்தான் தோட்டத்தை நடத்தும் துரையும் பயப்படுவார், சங்கமும் காத்திருக்கும். இந்த நேரத்தில் நாலு பேர் கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினால் தோட்டத்துக்குக் கொழுந்தாக ஒன்றும் கிடைத்துவிடாது. ஆனால் துரைக்கு வேறொன்று கிடைக்கும்: இவர்கள் ஒற்றுமை எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு.

இன்னொன்று, தேயிலை மலையில் ஒளிய இடமில்லை. இடுப்பளவுச் செடி. எதிர்மலை லயத்து வாசலில் நின்றால் யார் எந்த நிரையில் நிற்கிறார் என்று சேலை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். நகரத்துத் தொழிற்சாலையில் பின்வாசலால் நுழைகிறவனை நாலு பேர் பார்க்கலாம். இங்கே வேலைக்குப் போனவளை முழுத் தோட்டமும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பொங்கல் முடிந்து மறுநாள் இரவு, குளிருக்கு அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது அப்பாயியிடம் கேட்டேன், அந்தப் பேரைக் கேட்டு ஏன் அப்படிப் பதறினீங்க என்று. ரொம்ப நேரம் பேசவில்லை. விறகைத் தள்ளிவிட்டார். பிறகு சொன்னார்.

அறுபதுகளில் நடந்தது. தோட்டத்தில் அப்போது இரண்டு சங்கம். ஒரு சங்கம் நிறுத்தச் சொன்னால் மற்றது வேலைக்குப் போகச் சொல்லும்; இந்தச் சங்கத்துக்காரனுக்கு அந்தச் சங்கத்துக்காரன் கருங்காலி, அடுத்த தடவை இவன் அவனுக்கு. ஆனால் அந்த முறை இரண்டு சங்கமும் சேர்ந்து நின்றன. எட்டு நாள் ஒருவரும் இறங்கவில்லை. கடையில் கடன் கொடுக்க மறுத்துவிட்டார்கள். பலாக்காயும் மரவள்ளியும் அவித்துச் சாப்பிட்டார்கள். ஒன்பதாம் நாள் காலையில் லயத்தின் கோடிக் காம்பராவில் இருந்த அக்கா கூடையை மாட்டிக்கொண்டு கீழ்ப்பாதையால் போனார். புருஷன் இருமிக்கொண்டு ஆஸ்பத்திரியில். கைப்பிள்ளைக்கு வயிற்றோட்டம். அன்றைக்கு மலையில் இறங்கியது அவரோடு சேர்த்து மூன்றே பேர்.

"சாயங்காலம் பீலிக்குத் தண்ணிக்கு வந்தா. குடத்த வச்சா. ஒருத்தியும் பேசல. யாரோ அந்தக் குடத்தத் தூக்கி ஒதுக்குப்புறமா வச்சாங்க. அவ திரும்பக் கொண்டாந்து வச்சா. திரும்பவும் எடுத்து வச்சாங்க. அலுமினியக் குடம்யா. சிமிந்துத் தரையில உரசும் பாரு ஒரு சத்தம். எல்லாரும் புடிச்சு முடிஞ்ச பொறவு, இருட்டுல புடிச்சுக்கிட்டுப் போனா."

"யாரு எடுத்து வச்சது அப்பாயி?"

"மொத தடவ யாருன்னு தெரியாது. ரெண்டாவது தடவ நாந்தான்."

வேலைநிறுத்தம் முடிந்தது. நாளுக்கு சில சதம் கூடியது. அது எல்லோருக்கும் கூடியது, கோடிக் காம்பராவுக்கும் சேர்த்து. ஆனால் பெயர் போகவில்லை. கருங்காலி வீடு என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகவில்லை. அந்தக் கைப்பிள்ளை பிழைத்துப் பெரியவனாகிப் பள்ளிக்கூடம் போனபோது அவனும் கருங்காலி மகன்தான். அன்று அவனோடு சேர்ந்து படித்த எங்கள் பெரியப்பா, ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயர் என்ன செய்யும் என்பதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

இதைக் கேட்டபிறகு அந்தச் சொல்லை முன்பு போலக் கோஷத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. சங்கம் கட்டுப்பாடில்லாமல் நிற்காது, உடைக்கிறவனை ஊர் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கங்காணியையும் துரையையும் நோக்கிப் போன எங்கள் வசை, முதல் தடவையாகப் பக்கத்துக் காம்பராவை நோக்கித் திரும்பியது இந்தச் சொல்லில்தான். கடன் மறுத்த கடைக்கு ஒரு பெயரும் வரவில்லை. பிள்ளை வயிற்றோட்டத்தில் கிடக்கும்போது ஒன்பது நாள் பேசவே வராத துரை கடைசிவரை துரைதான். லயத்திலேயே ஆகக் கஷ்டப்பட்ட வீட்டுக்குத்தான் அந்தப் பெயர் விழுந்தது. எந்தத் தோட்டத்துப் பெரியவர்களிடம் பேசினாலும் இதே மாதிரி ஒரு வீடு வருகிறது: தாலி அறுத்தவள் வீடு, நோயாளி வீடு, பிள்ளை அதிகமான வீடு.

சொல் மேலே திரும்பிய தருணமும் உண்டு, அதையும் நான் பார்த்திருக்கிறேன். 2018இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டு எழும்பினோமே, அக்டோபர் 24ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் மலையகத்து இளைஞர்கள் கறுப்பு உடுத்துக் கூடினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். டிசம்பரில் தோட்டங்களில் வேலைநிறுத்தம். அடுத்த ஜனவரியில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய்தான். அன்று தேநீர்க்கடைகளிலும் முகநூலிலும் கருங்காலி என்ற சொல் கொட்டியது. பக்கத்துக் காம்பராவை நோக்கி அல்ல, மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட சங்கத் தலைவர்களை நோக்கி. அது நியாயமா, பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்பது தனி விவாதம். ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். பசியால் இறங்கியவளுக்கும் அதிகாரத்தோடு இறங்கியவனுக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது என்று, 700 ரூபாய்க்குக் கையெழுத்தான அந்த நாட்களில், அந்தத் தேநீர்க்கடைகளில் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அது என் மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

கோடிக் காம்பராக்காரர்கள் இப்போது இங்கே இல்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் இவர்களும் எழுபதுகளில் போனார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றி, தலைமன்னாரில் கப்பல் ஏற்றி, ராமேஸ்வரத்தில் இறக்கினார்கள். வேறு வீட்டுக்காரர்கள் போகும்போது முழு லயமும் ஸ்டேஷனுக்குப் போய்க் கட்டிப்பிடித்து அழுதது. இவர்களுக்கு மூன்று நாலு பேர்தான் போனார்களாம். அப்பாயி போகவில்லை. போன இடம் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம், திரும்பிப் போனவர்களுக்கென்று அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டம் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார். தேயிலையை விட்டுக் கடல் தாண்டிப்போய்த் திரும்பவும் தேயிலை.

நாங்கள் கிளம்புகிற அன்று காலை அப்பாயி தம்பியைக் கூப்பிட்டார். "அந்த மாலைய எடு" என்றார். சுளகு ஆணியிலிருந்து எடுத்துவந்து கையில் கொடுத்தான். மணிகளை ஒவ்வொன்றாக உருட்டினார். ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"இது எந்த ஊருல இருந்து வந்துச்சுன்னு சொன்ன?"

"கோயம்புத்தூரு அப்பாயி."

"கூடலூரு அதுக்குப் பக்கமா?"

தம்பி என்னைப் பார்த்தான். "ரொம்பத் தூரம் இல்ல அப்பாயி" என்றேன் நான். "மேல மலை ஏறணும்."

மாலையை மடியிலேயே வைத்துக்கொண்டார். நாங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லும்வரை திருப்பித் தரவில்லை.